பகல் 12 மணியை ஆங்கிலத்தில் எப்படி அச்சிடுவது?

கேள்வி: என் கணவருக்கு வருகிற தை மாதம் அறுபதாங்கல்யாணம். பத்திரிகையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சிடுகிறோம். பகல் விருந்து 12 மணிக்கு. எங்கள் கணக்கப்பிள்ளை ஆங்கிலப் பக்கத்துக்கு '12 ஏ.எம்.' என்று எழுதிக் கொடுத்தார். அமெரிக்காவில் இருக்கும் மகன் அது தப்பு, '12 பி.எம்.' என்றுதான் போட வேண்டும் என்கிறான். அச்சகத்தார் இரண்டையும் விட்டுவிட்டு '12 நூன்' என்று போட்டுப் புரூஃப் அனுப்பியிருக்கிறார்கள். கோலாலம்பூரில் வேலை பார்த்துத் திரும்பிய எங்கள் அண்ணனோ, நூன் என்ற சொல்லுக்கு உண்மையில் மூன்று மணி என்றுதான் பொருள், அகராதியிலேயே இருக்கிறது என்கிறார்கள். எது சரி? தமிழ்ப் பக்கத்தில் மதியம் என்று போடுவதா, நண்பகல் என்று போடுவதா?
— வாசகி, தேவகோட்டை

பதில்: ஆச்சி அவர்களுக்கு, வணக்கம்.

அச்சகத்தார் காத்திருப்பார்கள் என்பதால் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புரூஃபில் உள்ள '12 நூன்' சரி; அதை மாற்ற வேண்டாம். மகன் சொல்லும் '12 பி.எம்.' இன்றைய வழக்கில் தவறாகாது என்றாலும், பத்திரிகைக்கு ஏற்றதன்று. கணக்கப்பிள்ளை எழுதியது அப்படியே அச்சாகியிருந்தால், வெளிநாட்டு உறவினரை நடுச்சாமத்தில் இலையில் உட்கார அழைத்ததாக ஆகியிருக்கும். அண்ணன் சொன்னதை வீட்டில் எல்லோரும் சிரித்துத் தள்ளியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஆனால் பத்திரங்களையும் உயில்களையும் முப்பது ஆண்டுகளாக இரு மொழிகளுக்கு இடையே மாற்றிக்கொண்டிருக்கும் என் போன்றவனுக்கு, உங்கள் கடிதத்திலேயே சுவையான வரி அதுதான்.

நூன் என்ற சொல் பிறந்தபோது அதற்குப் பொருள் பிற்பகல் மூன்று மணியே. இலத்தீனில் 'நோனா ஹோரா' என்றால் ஒன்பதாம் மணி. உரோமானியர் சூரிய உதயத்திலிருந்து அத்தமனம் வரையுள்ள பொழுதைப் பன்னிரண்டாகப் பகுத்து, ஒவ்வொரு பகுதியையும் ஒரு மணியாக எண்ணினார்கள். ஆறாம் மணி முடிந்தால் உச்சி. ஒன்பதாம் மணி முடிந்தால் ஏறக்குறைய நம்முடைய மூன்று மணி. நம் கணக்கில் சொன்னால், உச்சி என்பது உதயத்திலிருந்து 15 நாழிகை, நோனா என்பது 22½ நாழிகை. தமிழ் வேதாகமத்தில் இயேசுவின் சிலுவைப் பாடுகளைச் சொல்லும் இடத்தில் வருகிற 'ஒன்பதாம்மணி நேரம்' இதுதான்; பெரிய வெள்ளியன்று தேவாலயங்களில் மூன்று மணியை முக்கியமாகக் கொள்வதும் இதனால்தான். இலத்தீனின் இந்த ஒன்பது வடமொழியின் 'நவ' என்பதற்கு உறவு. நவராத்திரியிலும் நவதானியத்திலும் இருக்கிற அந்த ஒன்பதுதான் ஆங்கிலேயரின் உச்சிவேளைக்குள்ளும் ஒளிந்திருக்கிறது.

அப்படியானால் மூன்று மணி எப்படிப் பன்னிரண்டுக்கு வந்தது? கிறித்தவ மடங்களில் நாளொன்றுக்குப் பலமுறை வேளை தவறாமல் வழிபாடு உண்டு. ஒன்பதாம் மணி வழிபாட்டுக்கும் அந்த மணியின் பெயரே வழங்கியது. ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் வகுத்த ஒழுங்குமுறையின்படி, குளிர்காலத்தின் பெரும்பகுதியிலும் நோன்பு நாட்களிலும் துறவியர் அந்த ஒன்பதாம் மணிக்குப் பிறகே அன்றைய முதல் உணவை உண்ண வேண்டும். விடியுமுன் எழுந்து, வயலிலும் பட்டறையிலும் உழைத்து, மூன்று மணி வரை வெறும் வயிற்றோடு இருப்பது எளிதன்று. வழிபாடு சற்று முன்னதாக நடக்கத் தொடங்கியது, அதன் பின்னாலேயே உணவும் முன்னே நகர்ந்தது, மணி அடித்த வேளைக்கே நூன் என்ற பெயர் நிலைத்தது என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். விரதம் இருப்பவருக்கு இதை நம்புவதில் சிரமம் இராது. பிள்ளையார் நோன்பன்று சஷ்டியும் சதயமும் கூடும் நேரத்தைப் பஞ்சாங்கத்தில் பார்த்து வைத்துவிட்டு, இழை (திரியிட்டு ஏற்றிய மாவு) எடுத்துக்கொள்வதற்குள் நடுவீட்டுக்கும் அடுப்படிக்கும் பத்து முறை நடக்கிற சிறுவர்களை நாம் பார்த்திருக்கிறோம்.

இன்னொரு காரணத்தை நான் கணக்குப் போட்டுப் பார்த்ததுண்டு. உரோமானியரின் மணி நம் நாழிகை போல அளவு மாறாதது அன்று. பகல் நீண்டால் மணி நீளும், குறுகினால் சுருங்கும். நம் ஊரில் ஆண்டின் மிகக் குறுகிய பகலும் பதினொன்றரை மணி நேரத்துக்குக் குறையாது என்பதால், அந்த முறையில் எண்ணினாலும் மணிக்குச் சில நிமிடமே வேறுபடும். இலண்டனில் மார்கழிப் பகல் எட்டு மணி நேரங்கூட இல்லை. அங்கே குளிர்கால மணி ஒன்றுக்கு நாற்பது நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. காலை எட்டு மணிக்கு உதித்த சூரியனைக் கொண்டு ஒன்பது மணி எண்ணினால் கடிகாரத்தில் இரண்டுதான் ஆகியிருக்கும். ஆக, வடக்கே போகப் போக, பசியின் உதவி இல்லாமலே குளிர்காலத்து ஒன்பதாம் மணி உச்சியை நோக்கிக் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது.

எப்படியாயினும், பன்னிரண்டாம் நூற்றாண்டில் தொடங்கிய இந்த நகர்வு பதினான்காம் நூற்றாண்டுக்குள் ஆங்கிலத்தில் முடிந்துவிட்டது. அண்ணன் அகராதியில் பார்த்தது சொல்லின் பிறப்பிடத்தை. நாம் அச்சிடுவது சொல்லின் இன்றைய முகவரியை. அறுநூறு ஆண்டுக்கு மேலாக ஆங்கிலேயர் எவரும் மூன்று மணிக்கு நூன் என்று சொன்னதில்லை. பெயரில் உள்ள எண்ணைக் கொண்டு பொருளை முடிவு செய்வதானால் நவம்பரையும் ஒன்பதாம் மாதமாக்க வேண்டியிருக்கும். நூனுக்கு அது பங்காளி. அதே ஒன்பதிலிருந்து பிறந்து, பதினோராம் மாதமாகக் குடித்தனம் நடத்துகிறது. ஸ்பானியர் பகல் உணவுக்குப் பிறகு போடும் குட்டித் தூக்கத்துக்கு 'சியெஸ்டா' என்று பெயர். அது இலத்தீனின் ஆறாம் மணியிலிருந்து வந்தது. ஆறாம் மணி என்ற சொல் உச்சி கடந்த உறக்கத்துக்குப் போய்விட, ஒன்பதாம் மணி என்ற சொல் உச்சிக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. நம் திரையரங்குகளில் இரண்டரை மணிக்குப் போடும் 'மேட்னி ஷோ'வின் பெயருக்குள்ளும் பிரெஞ்சு மொழியின் 'காலை' என்ற சொல்தான் இருக்கிறது. அதற்கு முந்திய 'நூன் ஷோ' பெரும்பாலும் நூனுக்கு முன்பே தொடங்கிவிடுவது வேறு கதை.

இனி மகனின் பேச்சுக்கு வருவோம். ஏ.எம்., பி.எம். என்ற இரண்டிலும் உள்ள 'எம்' இலத்தீனில் மெரீடியெஸ், அதாவது நடுப்பகல். ஏ.எம். என்றால் நடுப்பகலுக்கு முன், பி.எம். என்றால் நடுப்பகலுக்குப் பின். நடுப்பகல் தனக்கே முன்னதாகவும் இருக்க முடியாது, பின்னதாகவும் இருக்க முடியாது. ஆகவே சரியாகப் பன்னிரண்டு மணிக்கு இரண்டு குறியீடுகளுமே பொருந்தா. நள்ளிரவு இதைவிடச் சிக்கலானது: அது ஒரு நடுப்பகலுக்குப் பன்னிரண்டு மணி நேரம் பின்னது, மறு நடுப்பகலுக்குப் பன்னிரண்டு மணி நேரம் முன்னது; இரண்டு குறியீடுகளும் அதற்குச் சரியாகவே பொருந்தும். பகல் 12:01 ஐயமின்றி பி.எம். ஆகிவிடுவதால், அதற்கு ஒரு நிமிடம் முந்திய பன்னிரண்டையும் அதோடு சேர்த்து '12:00 பி.எம்.' என்று காட்டும்படி மின்னணுக் கடிகாரங்களைச் செய்துவிட்டார்கள். மகன் அந்த வழக்கத்தையே சொல்கிறார். ஆனால் நேரத்தைக் காக்கும் பொறுப்பிலுள்ள அமெரிக்க, பிரித்தானியத் தேசிய அளவியல் நிறுவனங்கள் இரண்டுமே, பன்னிரண்டு மணிக்கு இந்தக் குறியீடுகளைத் தவிர்த்து நூன் என்றோ மிட்நைட் என்றோ எழுதும்படிதான் அறிவுறுத்துகின்றன. உங்கள் கணக்கப்பிள்ளை படித்தவர். அவரே பிழை செய்தார் என்றால் பத்திரிகையை வாசிப்பவர்களில் நாலு பேராவது செய்வார்கள். விருந்துக்கு அழைக்கும்போது வாசிப்பவரைச் சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை.

என் பிழையையும் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்குப் பயணச்சீட்டு எடுத்திருந்தேன்; 14-ஆம் தேதி, 12:20 ஏ.எம். பதினான்காம் தேதி பகலெல்லாம் வீட்டில் இருந்து, சீப்புச்சீடையும் மனகோலமும் அடைத்த தகர டின்னைச் சணல் கயிற்றால் கட்டிக்கொண்டு, இரவு எட்டரைக்கு விமான நிலையத்தில் போய் நின்றேன். முகப்பில் இருந்த பெண் சீட்டை வாங்கி, தேதியின் மேல் ஒரு விரலையும் 'ஏ.எம்.' என்பதன் மேல் ஒரு விரலையும் வைத்துச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். விமானம் போய் இருபது மணி நேரம் ஆகியிருந்தது. ஏ.எம். என்றால் என்னவென்று எனக்குத் தெரியாமலா? தெரியும். ஆனால் தேதி நள்ளிரவில் மாறும் என்பதைக் கண்தான் படித்ததே ஒழிய, மனம் ஏற்கவில்லை. நமக்கு விடிந்தால்தான் மறுநாள். 13-ஆம் தேதி இரவு படுக்கப் போகுமுன் நடப்பதெல்லாம் நம் கணக்கில் பதின்மூன்றாம் தேதி இரவே. இதனால்தான் நள்ளிரவைக் குறிக்க வேண்டிய ஆவணங்களில் நான் ஒரு தேதியோடு நிறுத்துவதில்லை. விடுதலை பெற்ற வேளையை '1947 ஆகஸ்ட் 14-15 நள்ளிரவு' என்று எழுதுகிறோம் அல்லவா, அதுவே நல்ல முன்மாதிரி. உங்கள் விருந்தினருக்கு ஊர்தி ஏற்பாடு செய்பவரிடம், நள்ளிரவை ஒட்டித் திருச்சியில் வந்து இறங்குபவர்களின் தேதியை மட்டும் இரு முறை சரிபார்க்கச் சொல்லுங்கள்.

தமிழ்ப் பக்கத்துக்கு வருகிறேன். மதியம், மத்தியானம், உச்சி, நடுப்பகல், நண்பகல் என்று நமக்குச் சொற்களுக்குக் குறைவில்லை. ஆனால் அவை எல்லாம் ஒரே அளவுள்ளவை அல்ல. ஆங்கிலத்தில் நூன் என்பது ஒரு புள்ளி. அதற்குப் பின்னுள்ள நீண்ட பொழுதுக்கு ஆஃப்டர்நூன் என்று தனிச்சொல் வைத்திருக்கிறார்கள். நம் மத்தியானமோ ஒரு பரப்பு. 'மத்தியானம் வருகிறேன்' என்று சொல்லிவிட்டுப் போன தச்சர் பதினொன்றரைக்கும் வரலாம், இடைப்பலகாரத்துக்கு மாவு கரைக்கும் வேளையிலும் வரலாம். இரண்டிலும் அவர் சொல் தவறியவர் ஆகமாட்டார். அண்ணனுடைய மூன்று மணி உண்மையில் நூனுக்குப் பொருந்துவதைவிட நம் மத்தியானத்துக்குத்தான் நன்றாகப் பொருந்தும். மத்தியானம் வடமொழியின் 'மத்திய', 'அஹ்ன' என்ற இரண்டும் சேர்ந்து வந்தது. நாளின் நடு என்பதே அதற்கும் மூலப்பொருள். மதியம் என்ற வடிவம் பேச்சில் அழகாக இருந்தாலும், பழந்தமிழில் மதியம் என்றால் நிலா என்பதை நினைத்தால் எனக்கு ஒவ்வொரு முறையும் எழுத்தாணி சற்றுத் தயங்கும்.

ஆகவே நண்பகல் என்று போடுங்கள். இதன் முதற்பகுதி 'நள்'. நடு என்று பொருள். நள்ளிரவில் இருப்பதும் இதுவே. பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர்கள் நள்ளிரவை 'இரவின் நூன்' என்று பாடியதும் இந்த நடுமையைக் கருதித்தான். பகல் என்ற சொல்லுக்கே நடு என்ற பொருளும் உண்டு. பகு என்ற வினையிலிருந்து வந்தது. நுகத்தடியின் நடுவில் இருபுறமும் சாயாதபடி அடித்திருக்கும் ஆணிக்குப் பகலாணி என்று பெயர். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைச் சொல்லும்போது, 'நெடுநுகத்துப் பகல்போல நடுவுநின்ற நன்னெஞ்சினோர்' என்று வருகிறது. கொள்வதும் மிகை கொள்ளாது, கொடுப்பதும் குறை கொடாது நின்றவர்களுக்கு உவமையாக வந்த சொல் அது. பூம்புகாரிலிருந்து வந்தவர்கள் என்று மரபு சொல்லிக்கொள்ளும் நகரத்தார் வீட்டுப் பத்திரிகையில் அந்தச் சொல் இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. இது மொழிபெயர்ப்பாளனின் சொந்த ஆசை, நீங்கள் 'பகல் 12 மணி' என்று எளிமையாகப் போட்டாலும் பிழையில்லை. நண்பகல் என்று எழுதினாலும் எண்ணை விட்டுவிட வேண்டாம். பழைய இலக்கணத்தில் நண்பகல் என்பது ஆறு சிறுபொழுதுகளில் ஒன்று, பத்து நாழிகை நீளமுள்ளது, பாலைக்கு உரியது. எண் இல்லாமல் நண்பகல் விருந்து என்று அழைத்தால் புலவர் எவராவது இரண்டு மணிக்கு வந்து நிற்பார்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அறுபதாங்கல்யாணச் சாந்தியைச் செய்து வைக்கும் குருக்கள் உச்சிப்பொழுதைக் கணக்கிட்டுச் சொன்னால், அதைக் கடிகாரத்தின் பன்னிரண்டோடு ஒன்றாக்கிவிடாதீர்கள். நம் கடிகாரங்கள் மிர்சாப்பூரை ஒட்டிச் செல்லும் 82½ பாகைக் கோட்டின் நேரத்தைக் காட்டுகின்றன. தேவகோட்டை அதற்கு ஏறக்குறைய 3¾ பாகை மேற்கே இருக்கிறது. சூரியன் ஒரு பாகை கடக்க நான்கு நிமிடம் என்றால், நமக்குச் சராசரி உச்சி 12:15-க்குத்தான். பூமியின் ஓட்டம் ஆண்டு முழுதும் ஒரே சீராக இல்லாததால் இதுவும் ஆடும்: ஐப்பசி நடுவில் 11:58-க்கே உச்சி வந்துவிடும், மாசித் தொடக்கத்தில் 12:29 ஆகும். தை மாதத்தில் உங்கள் வளவில் (வீட்டு முற்றத்தில்) தூணின் நிழல் மிகக் குறுகி நேர்வடக்கே விழுவது 12:24-க்கும் 12:29-க்கும் இடையில். சித்திரை பிறந்த சில நாளிலும் ஆவணி நடுவுக்கு முன்னும் அந்த நிழல் தூணின் காலடியிலேயே மறைந்துவிடும் நாள் ஒவ்வொன்று உண்டு. பேரப்பிள்ளைகள் வந்திருந்தால் காட்டுங்கள். இந்தப் பொது நேரம் 1906-இல் வந்தது. அதற்கு முன் சென்னை நேரம் வழங்கியது. அது இன்றைய நேரத்துக்கு ஒன்பது நிமிடம் பிந்தியது. அதற்கும் முன்னால் கட்டிய வீடாக இருந்தால், உங்கள் வளவின் முதல் நண்பகல்கள் நிழலைப் பார்த்தே சொல்லப்பட்டிருக்கும். இவையெல்லாம் முகூர்த்தத்துக்குத்தான், இலை போடுவதற்குக் கடிகாரமே போதும்.

அலுவலக ஆவணங்களில் வரும் முற்பகல், பிற்பகல் என்ற சொற்களைப் பற்றிச் சிலர் முன்பு கேட்டிருந்தார்கள். ஃபோர்நூன் என்ற சொல் இன்றைய ஆங்கிலப் பேச்சில் அருகிவிட்டது. ஆனால் நம் அரசாணைகளிலும் தேர்வு நுழைவுச் சீட்டுகளிலும் மு.ப., பி.ப. என்றும் அதன் ஆங்கிலச் சுருக்கமாகவும் நலமாகவே வாழ்கிறது. '31-ஆம் தேதி பிற்பகல் பணி ஓய்வு' என்றால் அன்றைய வேலை நாள் முழுதும் பணியில் கணக்கு என்று பொருள். பத்திரிகைக்கு இந்தச் சொற்கள் வேண்டா.

இனிப் புரூஃப். ஆங்கிலப் பக்கத்தில் '12 நூன்' என்பதற்கு முன் வீணாக 'ஹை' என்று ஒரு சொல் சேர்த்திருக்கிறார்கள். உச்சிவெயிலில் துப்பாக்கிச் சண்டைக்குக் கூப்பிடுவது போலிருக்கும், எடுத்துவிடுங்கள். தமிழ்ப் பக்கத்தில் 'காலை 9 மணிக்கு மேல் 10.30 மணிக்குள்' என்ற முகூர்த்த வரி அப்படியே இருக்கட்டும். அதன் கீழ் 'நண்பகல் 12 மணிக்கு விருந்து' என்று ஒரே வரியில் வரட்டும். இரண்டு பக்கத்திலும் கிழமையும் தேதியும் ஒன்றுதானா என்று நீங்களே ஒரு முறை நாட்காட்டியைக் கையில் வைத்துக்கொண்டு பாருங்கள்; அந்த வேலையைக் கணக்கப்பிள்ளையிடம் விட வேண்டாம்.